எண்பத்தொன்று வேண்டும்

எனக்குச் சோகக் கதை எதுவும் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வயதில் கல்லூரியில் வேதியியலில் நாற்பத்தொன்று வாங்கினேன். அந்த வருடம் வீட்டில் யாரும் படுக்கையில் விழவில்லை, யாரும் சாகவில்லை, எனக்குக் காதல் தோல்வியும் இல்லை. படிக்கவில்லை, அவ்வளவுதான். கடைசிப் பெஞ்சில் அரட்டை, மத்தியான வகுப்பில் தூக்கம், பரீட்சைக்கு முந்தின நாள் புத்தகம் எங்கே என்று தேடல். மற்ற தாள்களிலும் இதே லட்சணம்தான். எப்படியோ பட்டம் வந்துவிட்டது. மதிப்பெண் பட்டியலைப் பார்த்த அக்கா, "இத பத்திரமா பெட்டிக்கு அடியில வைடி, யார் கண்ணுலயும் பட்டுடப் போகுது" என்றாள்.

அந்தப் பட்டியலுக்குக் கிடைத்தது ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் வேலை. ஏழு வருடமாகக் காலை ஆறு மணியிலிருந்து மத்தியானம் இரண்டு வரை கை கையாகக் குத்துகிறேன். வேலையில் நான் கெட்டிக்காரி. நரம்பு அகப்படாத கை வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் குழாயை உள்ளே அனுப்பியதோடு என் பங்கு முடிந்தது. அதில் என்ன இருந்தது, அந்த ஆள் வீடு போய்ச் சேர்ந்தாரா, யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு சின்னப் பெண் பதினோரு நாள் தொடர்ந்து என்னிடம் கையை நீட்டினாள். பன்னிரண்டாம் நாள் வரவில்லை. வார்டுக்குப் போய்க் கேட்டேன். "உனக்கெதுக்கு அதெல்லாம்?" என்றார்கள். எனக்கு வந்த கோபத்தில் அன்று மாலையே மருத்துவக் கல்லூரியின் விதிமுறைப் புத்தகத்தை வாங்கிவந்துவிட்டேன். எனக்கெதுக்கா? அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த இடத்தில் ஒரு நாளாவது நான் நிற்க வேண்டும், அதற்குத்தான்.

விதிகள் இரண்டு. பட்டப்படிப்பின் இருபத்து நான்கு தாள்களும் சேர்ந்து சராசரி எழுபது இருக்க வேண்டும். வயது முப்பதைத் தாண்டக் கூடாது. மோசமான தாள்களை மாலைக் கல்லூரியில் திரும்பப் படித்து எழுதினால், புது மதிப்பெண் பழையதன் இடத்தில் உட்காரும். இரண்டு வருடத்தில் ஆறு தாள்களைத் தூக்கி நிறுத்தினேன். மிச்சம் இருந்தது அந்த வேதியியல். அதில் எண்பத்தொன்று வந்தால் சராசரி கச்சிதமாக எழுபது. எண்பது வந்தால் அறுபத்தொன்பது புள்ளி ஒன்பது ஆறு. எழுபது என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா என்று போன் போட்டுக் கேட்டேன். மாட்டார்களாம். இன்னும் மூன்று மாதத்தில் எனக்கு முப்பது முடிகிறது. ஆக, இந்த வருடம் இல்லையென்றால் எந்த வருடமும் இல்லை.

எழுத்துத் தேர்வு அறுபதுக்கு. ஐம்பத்தொன்று வாங்கியிருந்தேன். செய்முறைக்கு நாற்பது. அதில் ரெக்கார்டு நோட்டுக்குப் பத்து. பத்துச் சோதனை, சோதனைக்கு ஒன்று. அது முழுசாக வந்துவிடும் என்று நினைத்தேன். பாக்கி முப்பதில் இருபது எடுத்தால் போதும். அந்த இருபதுக்காக ஒரு மாதம் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. சோற்றுத் தட்டோடு நடந்தேன், பல் தேய்த்துக்கொண்டு நடந்தேன். அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். அத்தான் செய்தித்தாளை இறக்கிவிட்டு, "டாக்டரம்மா, கொஞ்சம் உக்காருங்க. தரை தேயுது, வீட்டுக்காரர் நம்மள கேப்பார்" என்றார். வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன்.

செய்முறைத் தேர்வுக்கு வேலையிலிருந்து நேராகப் போனேன். ஆய்வுக்கூடத்தில் என் பெஞ்சைப் பங்குபோட்டது படபட. அவளுக்கு அந்தப் பெயரை நான்தான் வைத்தேன், வாய் ஓயாது. அவளுக்குப் பத்தொன்பது வயது. என்னை ஊசிக்கா என்பாள். தேர்வு நடத்தியது சொட்டு சார். எதற்கெடுத்தாலும் "ரெண்டே சொட்டு, ரெண்டே சொட்டு" என்பதால் பிள்ளைகள் வைத்த பெயர். என்னைவிட மூன்று வயது சின்னவர். அதனாலேயே என்னைப் பார்த்தால் அவருக்குக் கொஞ்சம் கூச்சம்.

ஆளுக்கு இரண்டு பொட்டலம் கொடுத்தார். ஏ என்று ஒரு உப்பு, பி என்று ஒரு உப்பு. எது எந்த உப்பு என்று சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டும், மூன்று மணி நேரத்தில். உப்பு போதாமல் மறுபடி கேட்டால் பொட்டலத்துக்கு ஐந்து மதிப்பெண் வெட்டு. நெருப்பில் காட்டினேன். ஏ செங்கல் நிறத்தில் எரிந்தது, பி பச்சையாக எரிந்தது. பளிச்சென்று தெரிந்தது. மிச்சம் முழுவதையும் தண்ணீரில் கரைத்து இரண்டு குழாய்களில் ஊற்றித் தாங்கியில் வைத்தேன். இரண்டும் தண்ணீர் மாதிரியே இருந்தன.

"ஊசிக்கா, மார்க்கர் குடுங்க, ஒரு நிமிஷம்" என்றாள் படபட. கொடுத்தேன். அவள் முதலில் தன் குழாய்களில் ஏ, பி எழுதட்டும், பிறகு என்னுடையதில் நான் எழுதலாம் என்று நினைத்து, வேறொரு குழாயைக் கழுவ மூலையிலிருந்த தொட்டிக்குப் போனேன். திரும்பி வந்தபோது என் தாங்கி இடம் மாறியிருந்தது.

"என்னோட பர்னர் பக்கத்துல இடிச்சுது, நகர்த்தி வச்சேன்."

"திருப்பி வச்சியா, அப்படியே நகர்த்தினியா?"

"அப்படியேதான்... அப்படியேதான்னு நினைக்கிறேன்."

நினைக்கிறாளாம். இரண்டு குழாய்களையும் எடுத்துத் தொட்டியில் கொட்டினேன். தண்ணீரைத் திறந்துவிட்டுக் கழுவியும் ஆயிற்று.

கை செய்தது, நான் செய்யவில்லை என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் அதுதான் நடந்தது. எங்கள் ஆஸ்பத்திரியில் பெயர் ஒட்டாத குழாய் என்றால் ஒரே வழிதான். கொட்டு, மறுபடி எடு. இதுவாகத்தான் இருக்கும் என்ற பேச்சே கிடையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் ஒரு தடவை இதுவாகத்தான் இருக்கும் என்று ஒட்டினேன். ஒரு தாய் மூன்று நாள் தன் பிள்ளைக்கு இல்லாத வியாதிக்கு அழுதாள். அதற்கப்புறம் எத்தனையோ குழாய்களைக் கொட்டியிருக்கிறேன், யோசித்துக் கொட்டியது ஒன்றுகூட இல்லை.

சொட்டு சாரிடம் போய் நின்றேன். "சார், ரெண்டு உப்பும் மறுபடி வேணும்."

"ரெண்டுமா? என்ன ஆச்சு?"

"ஏ எது, பி எதுன்னு தெரியல சார். கொட்டிட்டேன்."

"கொட்டிட்டீங்களா? ஏங்க, எதுன்னு தெரியாததக் கண்டுபிடிக்கத்தானே பரீட்சையே! ரெண்டே சொட்டு நெருப்புல காட்டியிருந்தா, செங்கல் கலர் வந்தா ஏ, பச்சை வந்தா பி. முடிஞ்சு போச்சே!"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் காது சூடாகிவிட்டது. ஐயோ, ஆமாம். ஏழு வயதுப் பிள்ளைக்குக்கூடத் தோன்றியிருக்கும். கொண்டா பொட்டலத்தை என்று கையை நீட்டினேன். பத்து மதிப்பெண் போயிற்று. முப்பதில் இருபதுதான் பாக்கி. இனி ஓர் அரை மதிப்பெண்கூடச் சிந்தக் கூடாது.

பெஞ்சுக்கு வந்ததும் படபட அழுகிற மாதிரி நின்றாள். "என்னோடத ஊத்திக்கோங்கக்கா, நமக்கு ஒரே உப்புதான்" என்று கிசுகிசுத்தாள். "வாயை மூடிட்டு உன் வேலையப் பாரு, அம்மா தாயே" என்றேன். மிச்சமிருந்த ஒன்றே முக்கால் மணி நேரத்தில் நான் மூச்சு விட்டேனா என்பதே சந்தேகம். குழாய், காகிதத் துண்டு, பேனா, எல்லாவற்றிலும் ஏ, பி என்று எழுதி ஒட்டினேன். ஒவ்வொரு சோதனையையும் இரண்டிரண்டு முறை செய்தேன். மணி அடித்தபோது இரண்டு உப்பும் என்ன என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

நான்காம் நாள் பட்டியல் ஒட்டினார்கள். கூட்டத்தில் முண்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். உப்புக்கு இருபது. அப்பாடா! அடுத்த கட்டத்தில் ரெக்கார்டுக்கு ஒன்பது என்று போட்டிருந்தது. மொத்தம் எண்பது.

அந்த எட்டையும் பூஜ்யத்தையும் எத்தனை நேரம் பார்த்துக்கொண்டு நின்றேனோ தெரியாது. படபடதான் என் தோளை உலுக்கினாள். "அக்கா, போய்க் கேளுங்க. சார் நாலு மணிக்குத்தான் மார்க்க ஆபீசுக்கு அனுப்புறாராம். எல்லாரும் போய்க் கேக்குறாங்க, நீங்க ஒரு ஆளு ஏன் இப்படி நிக்கிறீங்க?"

அப்போது மணி மூன்றே முக்கால். மாடிப்படியில் இரண்டிரண்டாக ஏறினேன். சொட்டு சார் தனியாக இருந்தார், மதிப்பெண் தாள் மேசையில் விரித்துக் கிடந்தது. மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். எழுபது, முப்பது, எண்பத்தொன்று, மூன்று மாதம். அவர் பாவம், நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியாதுங்க இதெல்லாம். தெரிஞ்சிருந்தா..." என்று வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். "பாருங்க, ஏழாவது சோதனை. உங்க பேருக்கு நேரா காலியா இருக்கு. வந்தீங்கன்னும் இல்ல, வரலன்னும் இல்ல. அதனாலதான் ஒண்ணு கொறஞ்சுது. ஆனா நோட்டுல சோதனை எழுதியிருக்கீங்க, நல்லாவே எழுதியிருக்கீங்க." பேனாவைத் திறந்தார். "நான்தான் போட மறந்திருப்பேன். நீங்க அன்னைக்கு வந்தீங்கல்ல?"

கேள்வியே பதிலோடு வந்தது. பேனா முனை கட்டத்துக்கு மேல் நின்றது. நான் தலையை ஆட்டினால்கூடப் போதும்.

"இல்ல சார். அன்னைக்கு ரெட்டை டூட்டி. அடுத்தவங்க நோட்டப் பாத்து எழுதினது."

சொன்னது நானா? எங்கள் லேபில் குழாய் உள்ளே போகும் ஜன்னலில் ஒருவர் உட்கார்ந்து நாளைக்கு நூறு தடவை கேட்பார், "இத நீதான எடுத்த? நேர்ல பாத்தியா?" என்று. யோசிக்காமல் உண்மையைச் சொல்லிப் பழக்கம். யோசித்துச் சொல்ல நேரமும் கிடையாது. அன்று கை செய்த அதே காரியத்தை இன்று வாய் செய்துவிட்டது.

சொட்டு சார் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்தபடியே இருந்தார். நான் மாற்றிச் சொல்வேன் என்று காத்திருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. பிறகு மூடியைப் போட்டார். "சொன்னதுக்கப்புறம் நான் எப்படிங்க போடுறது?" என்றார். குரலில் கோபம் இல்லை. கிட்டத்தட்டக் கெஞ்சினார்.

அக்காவிடம் சொன்னபோது இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "ஆமான்னு ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தைடி! ரெண்டு வருஷம் கண்ணு முழிச்சது எதுக்கு? உன்ன யாரு அரிச்சந்திரன் வீட்டுப் பொண்ணுன்னு சொன்னாங்க?" திட்டிக்கொண்டே அழுதாள். நான் அழவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நான் நல்லவள், நேர்மையானவள் என்று யாரும் என்னைத் தேற்ற வேண்டாம். நேர்மைதான் காரணம் என்றால் மனசு கொஞ்சமாவது ஆறியிருக்கும். மாறாக, அன்று மாலை முழுக்கக் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து, "ஆமா சார், வந்தேன்" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். தடங்கலே இல்லாமல் வந்தது. இன்னொரு தடவை கேட்டிருந்தால் சத்தியமாகச் சொல்லியிருப்பேன். அத்தான்கூட அன்று தரை தேயுது என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போனேன். முதல் நாற்காலியில் ஒரு பெரிய மனிதர், நல்ல உயரம், தோள் அகலம். பெயர் கேட்டேன், சொன்னார். சட்டைக் கையை மடித்து நீட்டும்போது ஊசியைப் பார்த்து அவருக்கு வேர்த்துவிட்டது.

"வலிக்குமாம்மா?"

"வலிக்காது" என்றேன்.

ஏழு வருடமாக நாளைக்கு அறுபது பேரிடம் இதைச் சொல்கிறேன். ஒரு தடவைகூட நாக்கு தடுமாறியதில்லை. எவன் எவனுக்கோ அறுபது பொய் சொல்கிறவளுக்குத் தனக்கென்று ஒன்று சொல்ல வாய் வரவில்லையே என்று நினைத்ததும், நேற்றெல்லாம் வராத அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கையில் ஊசி இருந்ததால் துடைக்கவும் முடியவில்லை.

"என்னம்மா, குத்திக்கறது நானு, அழறது நீயா?" என்றார் அவர், பயந்துபோய்.

"ஒண்ணுமில்ல, கைய ஆட்டாதீங்க" என்று சொல்லி ஒரே குத்தில் எடுத்தேன்.