அந்தரத்தில் நின்ற அட்சதை

2004ஆம் ஆண்டு ஆவணியில், மலையகத்துப் பசறைக் கோயில் மண்டபத்தில் கலாராணியின் கல்யாணத்துக்குத் தூவிய அட்சதை, கல்யாணம் முடிந்து இரண்டு கிழமைக்குப் பிறகு தரையிலிருந்து எழும்பிப்போய் அந்தரத்தில் நின்றது. மண்டபம் அதற்குள் கழுவித் துடைக்கப்பட்டிருந்ததால் அரிசி பல இடங்களிலிருந்தும் வந்து சேரவேண்டியிருந்தது. கழுவிய தண்ணீர் ஓடிய கானிலிருந்து கொஞ்சம் வந்தது. நாற்காலி இடுக்குகளிலிருந்து கொஞ்சம் வந்தது. பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று நன்றாக இருமி, தன் பங்கைத் திருப்பிக் கொடுத்தது. எல்லாமாகச் சேர்ந்து, மணவறை இருந்த இடத்துக்கு மேலே, தூவிய கை இப்போதுதான் விலகியதுபோல மஞ்சளாக நின்றது. காவலாளி வீரய்யா விளக்குமாற்றால் தட்டிப் பார்த்தார். அரிசி அசையவில்லை, விளக்குமாற்றில் நாலு ஈர்க்கு முறிந்தது. அவர் மின்விசிறியை நிறுத்திவிட்டு, தேத்தண்ணி குடிக்கப் போனார்.

தேத்தண்ணிக்கடைக்கு மேல்மாடியில் விஜேந்திரனின் வீடியோ ஸ்டூடியோ இருந்தது. மண்டபத்துக்கு நேர் எதிரே, ரோட்டைக் கடந்தால் படி. பசறையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் நடந்த கல்யாணங்களை எல்லாம் அவன்தான் படம்பிடித்தான். அவனுடைய தொழிலின் சிகரம் ஒரு தாமரை. தாலி கட்டி அட்சதை விழும் இடத்தில் திரையின் நடுவிலிருந்து ஒரு ரோஸ் நிறத் தாமரை விரிந்து, அதன் இதழ்களுக்கு நடுவே மாப்பிள்ளையும் பொண்ணும் தோன்றுவார்கள். தொண்ணூற்றெட்டில் கொழும்பிலிருந்து வந்த எடிட்டிங் சொப்ட்வெயாரில் மட்டும்தான் அந்தத் தாமரை இருந்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களில் வீடியோ கெசட் வந்தவுடன் முதலில் தாமரையைத்தான் பார்த்தார்கள். பதிவுத் திருமணச் சான்றிதழ் எங்கே என்று பல வீடுகளில் தெரியாது, தாமரை உள்ள கெசட் எங்கே என்று குழந்தைக்கும் தெரியும். தாமரை விரியாத ஜோடி ஒன்று பூனாகலைப் பக்கம் இருந்தது. அவர்களைப் பற்றிப் பேசும்போது ஜனங்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

அந்த ஆண்டு விஜேந்திரன் புதிய கொம்பியூட்டர் வாங்கியிருந்தான். பதுளையில் கடை வைத்திருந்த ஸமீம்தான் கொண்டுவந்து பொருத்தினார். பழையதை அவர் எடுத்துப்போய், அதே கிழமை அதன் வயிற்றைத் திறந்து, உறுப்புகளை நாலு ஊர்களுக்கு விற்றுவிட்டார். புதிய இயந்திரத்தில் புதிய ஓபரேட்டிங் சிஸ்டம், எல்லாம் மினுக்கம். ஆனால் தாமரை பழைய சொப்ட்வெயாருக்குள் இருந்தது. அதைப் புதியதில் ஏற்றி, கலாராணியின் கல்யாணத்தைத் திறந்து, அட்சதை தூவும் இடத்தில் தாமரையை வைத்து, ஓடு என்று விஜேந்திரன் உத்தரவு கொடுத்தான். தாமரை மொட்டு நிலையில் நின்றது. அரிசி அந்தரத்தில் நின்றது. எலி அசையவில்லை, விசைப்பலகை பேசவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு மேலே எட்டிப் பார்த்த வீரய்யா, திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “தம்பி, இதுல நிக்கிற மாதிரியே அங்கயும் நிக்குதுப்பா,” என்றார். விஜேந்திரன் ஜன்னல் வழியே மண்டபத்தைப் பார்த்தான். பிறகு கொம்பியூட்டரை அணைத்துப் போட்டான். அரிசி அணையவில்லை.

செய்தி கலாராணி வீட்டார் இருந்த மேல்பிரட்டு லயத்துக்குப் போனது. கலாராணியின் அம்மா ரெங்கம்மா கொழுந்துக்கூடையை இறக்கி வைத்துவிட்டு மண்டபத்துக்கு வந்து, அண்ணாந்து பார்த்து, அங்கேயே தீர்ப்புச் சொன்னாள். “அட்சத இன்னும் தலைல விழல. விழாத அட்சதைக்குப் புள்ளைய அனுப்பி வைக்க முடியாதுங்க.” அடுத்த பஸ்ஸில் மொனராகலைக்குப் போய், அங்கே ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்யும் மருமகன் யோகராஜிடமிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். யோகராஜ் வாதாடிப் பார்த்தான். தாலி கழுத்தில் இருக்கிறதே என்றான். “தாலி நீங்க கட்டுனது மாப்ள. அட்சத ஊரு போட்டது. ஊரு இன்னும் போட்டு முடிக்கல,” என்றாள் ரெங்கம்மா. ஞாயிறுதோறும் யோகராஜ் பசறை பஸ் நிலையத்துக்கு வந்து, மாமியார் நடுவில் உட்கார, மனைவியுடன் ஒரு கிரீம்சோடாவைப் பகிர்ந்து குடித்துவிட்டுத் திரும்பிப் போனான். மாதங்கள் இப்படிப் போயின. கலாராணி மெலிந்தாள், யோகராஜ் கிரீம்சோடாவை வெறுத்தான்.

மண்டபத்தின் பரிபாலனசபைத் தலைவர் கனகரத்தினம் இந்த விஷயத்தை உடனடியாகக் கையில் எடுத்தார், அதாவது ஒரு கூட்டம் போட்டார். கனகரத்தினம் யாழ்ப்பாணத்திலிருந்து இளவயதில் கல்விக் கந்தோர் வேலைக்குப் பதுளை வந்து, ஓய்வு பெற்று, அங்கேயே தங்கிவிட்டவர். ஓய்வுக்குப் பிறகுதான் அவர் பெரியவரானார். கௌரவச் சமாதான நீதவான் ஆனார். சேவைத் திலகம், கல்விச் சுடர் என்று பட்டங்கள் வரிசையாக வந்தன. சிலவற்றை வழங்கிய சங்கங்களுக்கும் அவரே தலைவர். கந்தோரில் என்ன உத்தியோகத்தில் இருந்தார் என்று யாராவது கேட்டால் “கல்விப் பகுதியை நான்தான் பார்த்தனான்” என்பார். பணிப்பாளர் என்று எழுதிய அழைப்பிதழ்களை அவர் திருத்தியதில்லை. மண்டபத்தை வாடகைக்கு எடுப்பவர்களுக்கு நாற்காலிகள், பெரிய சட்டிகள், கனகரத்தினம் ஆகிய மூன்றும் சேர்த்தே கொடுக்கப்பட்டன. எல்லாக் கல்யாணத்திலும் முதல் கைப்பிடி அட்சதை அவருடையது. அவர் கை உயரும்போது ஒலிபெருக்கியில் பட்டங்கள் வாசிக்கப்படும். வாசித்து முடியும்வரை கை உயர்ந்தே இருக்கும். கலாராணியின் கல்யாணத்தில் கை வலித்து இடக்கையால் தாங்கிக்கொண்டார்.

கூட்டத்தில் அவர் அமைத்த அந்தரத்து அட்சதை ஆய்வுக்குழு அரிசிக்குக் கீழேயே மூன்று முறை கூடி, இது பசறைக்குப் பெருமை என்று தீர்மானித்தது. கண்காட்சி வைக்கலாம் என்றார் தலைவர். இதற்கிடையில் வேறு கல்யாணங்களும் அந்த மண்டபத்தில் நடந்தன. பொண்ணு வீட்டார் மணவறையை நாலடி தள்ளிப் போட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

கடைசியில் ஸமீமுக்கு மனச்சாட்சி உறுத்தி, பதுளையிலிருந்து வந்தார். திரையில் சொப்ட்வெயாரின் சின்னத்தின்மேல் எலியின் வலது பொத்தானை அழுத்தி, ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து, விஜேந்திரனுக்குக் காட்டினார். “இங்க ஒரு சரி அடையாளம் போட்டா, இந்தப் புது மெஷின் தன்னைத் தொண்ணூத்தெட்டுண்டு சொல்லிக்கொள்ளும். பழைய சாமானும் நம்பி ஓடும். பொய்தான் மச்சான், ஆனா ரெண்டு பேருக்கும் நல்லது.” அவர் சரி அடையாளம் போட்டார். சொப்ட்வெயார் நம்பியது. அறையும் நம்பியது. சுவரிலிருந்த நாட்காட்டி, கிழித்த தாள்களெல்லாம் திரும்பிவந்து, தொண்ணூற்றெட்டாம் ஆண்டுக்குத் தடித்தது. விஜேந்திரனின் முன்மண்டையில் முடி வந்தது. ஸமீமின் சட்டை அவருக்குத் தொளதொளவென்று ஆனது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜன்னலுக்கு எதிரே மண்டபத்திலிருந்து வீரய்யா கத்தினார்: “இறங்குதுங்க! இறங்குது!”

அப்போது ஸமீமின் பையில் கைத்தொலைபேசி அடித்தது. “ஏறிருச்சுங்க!” என்று கத்தினார் வீரய்யா.

தொண்ணூற்றெட்டுக்குப் பொருந்தாத எதையும் அந்த அறை பொறுக்கவில்லை என்பது அப்படித்தான் தெரியவந்தது. தொலைபேசியை வெளியே வைத்தார்கள். புதிய பாட்டுக் கெசட்டுகளை வெளியே வைத்தார்கள். அரிசி ஒழுங்காக இறங்கி வந்து, உட்கார்ந்திருக்கும் ஆளின் தலைக்கு ஒரு முழம் மேலே மறுபடியும் நின்றது. திரையில் ஒரு செய்தி வந்தது: இந்தக் காட்சியில் ஒரு பொருளைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அம்புக்குறி, உயர்த்திய கையோடு நின்ற கனகரத்தினத்தைக் காட்டியது.

“அவருதான் நிக்கிறாரே,” என்றான் விஜேந்திரன்.

“எங்களுக்கு நிக்கிறார். இதுக்குத் தொண்ணூத்தெட்டு. அப்ப இப்பிடி ஒரு கல்விச் சுடர் இல்ல, சமாதான நீதவான் இல்ல. அப்ப இருந்தவரு வந்து நான்தான்டு சொன்னா ஒழிய இது விடாது.”

“அவர் வர்ற எடத்த வெட்டிட்டா?”

“அட்சத போடுற கைய வெட்டினா, அட்சத எங்கால விழும்?”

ரெங்கம்மாவும் கலாராணியும் பதுளைக்குப் போய், கனகரத்தினத்தின் வீட்டு விறாந்தையில் நின்று விஷயத்தைச் சொன்னார்கள். அவர் சாய்ந்துகொண்டு கேட்டார்.

“என்ன பிள்ளை, நான் ஆரெண்டு தெரிஞ்சுதான் கேக்கிறியோ?”

“தெரியுங்கய்யா,” என்றாள் ரெங்கம்மா. “எங்க மூத்தவன ஸ்கூல்ல சேக்கக் கந்தோருக்கு வந்தப்ப நீங்கதான ஃபைல் தேடிக் குடுத்தீங்க. கிளாக்கர் ஐயா.”

விறாந்தைச் சுவரில் இருந்த எல்லாப் பட்டங்களும், சட்டம் போட்டு மாட்டியிருந்தவை, ஒரே நேரத்தில் கொஞ்சம் சாய்ந்தன. கனகரத்தினம் எழுந்து அவற்றை நேராக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார். “இஞ்சை பாருங்கோ. கொம்பியூட்டர்தான் முன்னுக்கு வரவேணும். அதுக்காக நான் பின்னுக்குப் போகேலாது. ஒரு மனுசன் முன்னேறினது பிழையோ?”

“பிழை இல்லீங்கய்யா,” என்றாள் கலாராணி. அதுவரை பேசாமல் நின்றவள். “நீங்க சிரமப்பட வேணாம். முடியாட்டி அந்த எடத்துல வேற ஆளப் போட்டுக்கலாம்னு ஸமீம் நானா சொன்னாரு. வீரய்யா அண்ணன் தொண்ணூத்தெட்டுலயும் இதே மண்டபத்துல இதே சட்டையோட இருந்தவரு. மெஷினுக்கு அவர நல்லாத் தெரியும். இனிமே வர்ற வீடியோவுலயும் முதக் கை அட்சத அவரே போட்டுருவாரு. அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தோம்.”

ஸமீம் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. கனகரத்தினம் குடையைத் தேடினார்.

மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் பசறைக்கு வந்தார்கள். கலாராணி நேராக மண்டபத்துக்குப் போய், காத்திருந்த யோகராஜின் பக்கத்தில், நின்ற அரிசிக்குக் கீழே உட்கார்ந்தாள். கனகரத்தினம் முழங்கால் வலியோடு ஒவ்வொரு படியாகக் கைப்பிடியைப் பிடித்து ஏறினார். ஸ்டூடியோவின் வாசல்நிலையைத் தாண்டியதும் வலி நின்றது. பட்டுச்சால்வை தோளிலிருந்து இல்லாமல் போனது. சட்டைப்பையில் மைக்கறை வந்தது. அவர் அந்தக் கறையை அடையாளம் கண்டு, கையால் மூடிக்கொண்டார்.

“வாங்க கிளாக்கர் ஐயா,” என்று விஜேந்திரன் முக்காலியை இழுத்துப் போட்டான். அறை அவனை அப்படித்தான் சொல்லவைத்தது.

திரையில் அம்புக்குறி துடித்துக்கொண்டிருந்தது. ஸமீம் கேட்டார், “பேரு?”

“கனகரத்தினம்.”

“நிக்குதுங்க!” என்றார் எதிரே வீரய்யா.

“தொழில்?”

கனகரத்தினம் தொண்டையைச் செருமினார். “கல்விப் பணிப்பாளர்.”

“ஏறுதுங்க!”

“பணிப்பாளர் இல்லை, பணிப்பாளருக்கு அடுத்த...”

“இன்னும் ஏறுதுங்க! கூரையில முட்டப்போகுது!”

மண்டபத்திலிருந்து ரெங்கம்மாவின் குரல் ரோட்டைக் கடந்து வந்தது. “ஐயா, கோவிச்சுக்காதீங்க, எம் புள்ள அண்ணாந்து பாத்துக்கிட்டே இருக்கு! கழுத்து வலிக்குது!” மொனராகலை பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. அது போய்ச் சத்தம் அடங்கியபின் கனகரத்தினம், கூட வேலை செய்தவர்களிடம்கூடச் பேசிப் பழக்கமில்லாத ஒரு குரலில் சொன்னார்: “இலிகிதர். கிளாக்கர்தான். ஃபைல் பகுதி. நல்ல இலிகிதர்.”

கடைசி இரண்டு சொற்களையும் மெஷின் ஏற்றுக்கொண்டது. தாமரை விரிந்தது. எதிர்ப்பக்கத்தில் அரிசி விழுந்தது. கலாராணியின் தலையிலும் யோகராஜின் தலையிலும் கொஞ்சம் வீரய்யாவின் மீதும் விழுந்தது. கோழி கொடுத்த பங்கு மட்டும் கடைசியாக விழுந்தது. ரெங்கம்மா மகளின் கூந்தலிலிருந்து ஓர் அரிசி மணியை எடுத்து, பல்லில் கடித்துப் பார்த்து, சரி என்று தலையாட்டினாள். அடுத்த மொனராகலை பஸ்ஸிலேயே இருவரையும் ஏற்றிவிட்டாள். வழியில் குடிக்கக் கிரீம்சோடா வேண்டுமா என்று மாமியார் கேட்டதற்கு, யோகராஜ் இரண்டு கையையும் கூப்பினான்.

சரி அடையாளத்தை ஸமீம் எடுத்துவிடப் பார்த்தார், வரவில்லை. அறை தொண்ணூற்றெட்டிலேயே தங்கிவிட்டது. விஜேந்திரனுக்கு ஆட்சேபனை இல்லை, தாமரை ஓடுகிறது. ஆனால் அன்று கனகரத்தினம் கீழே இறங்கியதும் கடைசிப் படியில் சால்வையும் சமாதான நீதவானும் முழங்கால் வலியும் அவருக்காகக் காத்துநின்றன. மூன்றையும் எடுத்துக்கொண்டு பதுளைக்குப் போனார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் திரும்பி வந்து, படியேறி, முக்காலியில் உட்கார்ந்தார். கெசட்டுகளுக்குப் பேர் எழுதும் வேலையை யாரும் சொல்லாமலே எடுத்துக்கொண்டார். எழுத்து அச்சடித்ததுபோல இருந்தது. கெசட்டுகள் வழக்கொழிந்த இரண்டாயிரத்தேழு, எட்டு வரையும் அப்படியே நடந்தது. கூட்டங்களுக்கு அழைக்க வந்தவர்களை விஜேந்திரன் கீழேயே நிறுத்தி, அவர் வேலையாக இருக்கிறார் என்று சொல்லி அனுப்பினான்.

இப்போது மழை பிடித்தால், முழங்கால் வலியுள்ள வேறு சிலரும் மேலே போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள். போனை மட்டும் வாசலில் வைத்துவிட்டுப் போகவேண்டும்.