முதல் இரண்டு பாம்புக்கு

என் கணவர் டெல்பர்ட்டுக்குக் காது கேட்காது. இதை அவரிடம் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். ஊரில் எல்லோரும் வாய்க்குள்ளேயே முனகுகிறார்கள் என்பதுதான் அவர் கட்சி. இருபத்தெட்டு வருடம் எண்ணெய்க் கிணறுகளில், இரும்போடு இரும்பு மோதும் சத்தத்தில் வேலை பார்த்தவர். காதில் மாட்டச் சொல்லி டாக்டர் கொடுத்த கருவி சட்டைப் பையில் தூங்கும். மாட்டினாலும் நாம் பேசுவது கொஞ்சம் விழுமே தவிர, சன்னமான சத்தம் எதுவும் ஏறாது. சிள்வண்டு ஏறாது, கெட்டில் விசில் ஏறாது. கிலுகிலுப்பைப் பாம்பு வாலை ஆட்டுகிற சத்தமும் ஏறாது.

மேற்கு டெக்சாஸில் எங்கள் நிலம் முழுக்கச் சுண்ணாம்புக் கல்லும் சப்பாத்திக் கள்ளியும் சீமைக் கருவேலமும்தான். இங்கே அந்த ஒரு சத்தம் கேட்காதவன் கண்ணைக் கட்டிக்கொண்டு நெடுஞ்சாலையைக் கடக்கிறவன் மாதிரி. இரண்டு வருடத்துக்கு முன் அவருக்குக் கணுக்காலுக்கு மேலே கடித்துவிட்டது. பக்கத்தில் நின்ற எனக்கு அது ஆட்டின சத்தம் கேட்டது. நான் வாய் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டினேன். வழியெல்லாம் அவர், "மெதுவா போடி, பாம்பு கொல்றதுக்கு முன்னாடி நீ கொன்னுடுவே" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

பிழைத்தார். ஆனால் டாக்டர் என்னைத் தனியே அழைத்து, இன்னொரு தடவை கடி வாங்கினால் உடம்பு தாங்காது, வீட்டிலிருந்து கார் வரை நடக்கிற நேரம்கூடக் கிடைக்காமல் போகலாம் என்றார். அன்றிலிருந்து எனக்கு நிம்மதி என்பதே கிடையாது. காலையில் அவர் பம்ப் ரூமுக்குப் போய் ஆடுகளுக்குத் தண்ணீர் திறந்துவிட்டுத் திரும்பும் வரை சமையலறை ஜன்னலில் நிற்பேன். அடுப்பில் எத்தனையோ நாள் சோளரொட்டி கருகியிருக்கிறது.

எனக்கு இருந்த ஒரே தைரியம் அவர் இடுப்பில் இருந்த ரிவால்வர். அவருடைய அப்பா காலத்துத் துப்பாக்கி அது. இந்த ஏப்ரலில் அதைப் பழுது பார்க்கிறவர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, துப்பாக்கியின் இரும்புச் சட்டத்திலேயே விரிசல் விழுந்துவிட்டது, இனி சுட்டால் கையோடு வெடிக்கும் என்று சொல்லிவிட்டார். புதிதாக ஒன்று வாங்குவதற்காக ட்வைலாவின் கடைக்குப் போனோம்.

ட்வைலாவுக்கு நாற்பது வயதிருக்கும். துப்பாக்கி, ஆட்டுத் தீவனம், தேர்தல் தொப்பி எல்லாம் ஒரே கூரையின் கீழ் விற்கிறாள். டெல்பர்ட்டைப் பார்த்ததும் கத்த ஆரம்பித்தாள். அவரிடம் கத்தித்தான் பேச வேண்டும், முகத்தைக் காட்டிக்கொண்டு.

"வாங்க மிஸ்டர் டெல்பர்ட்! இன்னும் உயிரோடதான் இருக்கீங்களா?"

"இவ விட்டாத்தானே சாக" என்று என்னைக் காட்டினார்.

"என்ன வேணும்? பாம்புக்கா, காட்டுப் பன்னிக்கா?"

"ரெண்டுக்கும். ஒண்ணு வந்தா இன்னொண்ணும் வரும்."

அவள் முதலில் ஒரு பூதத்தை எடுத்து வைத்தாள். வேட்டைத் துப்பாக்கியின் தோட்டாவையே விழுங்குமாம். "பாம்பு இருந்த இடம் தெரியாது" என்றாள். டெல்பர்ட் தூக்கிப் பார்த்து, "இதை இடுப்புல கட்டினா பேன்ட் எங்க நிக்கும்?" என்றார். அடுத்து உள்ளங்கைக்குள் அடங்குகிற இரட்டைக் குழல். அதை அவர் தொடவே இல்லை. "சர்ச்சுக்குப் போற கிழவிங்க பையில வைக்கிற சாமான்."

மூன்றாவதாக அவள் எடுத்ததைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அப்பாவின் துப்பாக்கியைச் செய்த அதே கம்பெனி, அதே அச்சு. தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கிற சுத்தியலை ஒவ்வொரு தடவையும் கட்டைவிரலால் பின்னால் இழுத்துவிட்டுத்தான் சுட வேண்டும். அவர் இழுத்தார். பாதியில் நின்றது. மறுபடி இழுத்தார். மூட்டுவாதத்தில் முண்டு முண்டாக வீங்கிப்போன விரல் வெடவெடவென்று ஆடியது. மூன்றாவது தடவை விரல் வழுக்கி, சுத்தியல் டக்கென்று விழுந்தது.

"எண்ணெய் போட்டா சரியாயிடும்" என்றார், எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல்.

காலடியில் பாம்பு, கையில் இழுபடாத சுத்தியல்! "ட்வைலா, சுத்தியலை இழுக்காம சுடற மாதிரி லேசா ஒண்ணு குடும்மா" என்றேன்.

எடுத்துக் கொடுத்தாள். வேறு கம்பெனி. விசையை மட்டும் அழுத்தினால் போதும், எல்லாம் தானாக நடக்கும். டெல்பர்ட் இரண்டு தடவை வெறுமே அழுத்திப் பார்த்தார். சுலபமாக வந்தது. ஆனால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"பொம்பளைங்க துப்பாக்கி."

"பொம்பளை சொல்றேன், அதையே வாங்குங்க. இல்லேன்னா நாளைக்கே நிலத்தை வித்துட்டுப் பொண்ணு வீட்டுக்கு டவுனுக்குப் போயிடலாம்" என்றேன், அவர் முகத்துக்கு நேராக. டவுன் என்ற சொல் மட்டும் அவருக்கு எப்போதும் கேட்கும். வாங்கினார். கணக்கு முடிக்க அவர்கள் இரண்டு பேரும் மேஜைக்குப் போனார்கள். நான் கால் வரை வருகிற தடித்த பூட்ஸ் இருக்கிறதா என்று பார்க்கப் போனேன்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து தோட்டா நிரப்பினார். இதற்கு இங்கே ஒரு முறை உண்டு. துப்பாக்கியின் உருளையில் ஆறு அறை இருந்தாலும் ஐந்தில்தான் போடுவார்கள். சுத்தியலுக்கு நேரே இருக்கிற அறை காலி, தவறி விழுந்தால் வெடிக்காமல் இருக்க. முதலில் சுடுகிற இரண்டு அறையில் ரவைத் தோட்டா. அதற்குள் கடுகு மாதிரி ஈயப் பொடிசுகள் இருக்கும். ஆறடிக்குள் பாம்பு தப்பாது, கல்லில் பட்டாலும் திரும்பி வந்து ஆளைக் கொல்லாது. மிச்சம் மூன்றிலும் பன்றிக்கான முழுக் குண்டு. முதல் இரண்டு பாம்புக்கு, அடுத்த மூன்று பன்றிக்கு. இதை டெல்பர்ட் ஆறு வயதில் அவர் அப்பாவிடம் கற்றவர். பெருமைக்காகக் கண்ணை மூடிக்கொண்டு நிரப்புவார். காலி அறைக்கு இடப்பக்கம் ரவை, ரவை, பிறகு மூன்று குண்டு. அன்றும் கண்ணை மூடிக்கொண்டுதான் நிரப்பினார். நான் பார்த்துக்கொண்டே பீன்ஸ் பரிமாறினேன். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை எட்டு மணி இருக்கும். டெல்பர்ட் அப்போதுதான் புதுத் துப்பாக்கியை இடுப்பில் பழைய உறையில் செருகிக்கொண்டு பின்வாசல் வழியாகப் பம்ப் ரூமுக்குக் கிளம்பியிருந்தார். போன் அடித்தது. ட்வைலா.

"நெல்டாம்மா, இடுப்புல மாட்டற உறை வந்துடுச்சு, எப்ப வேணா வந்து வாங்கிக்கலாம். அப்புறம், புதுசு கைக்குப் பழகிடுச்சா அவருக்கு? உருளை இடப்பக்கமா சுத்தறது முதல்ல குழப்பும்."

"என்ன இடப்பக்கம்?"

"அதான், அவங்கப்பா துப்பாக்கி வலப்பக்கமா சுத்தும். இந்தக் கம்பெனிக்காரன் செய்யறது நேர் எதிரா சுத்தும். ரவைத் தோட்டாவை மாத்தி வலப்பக்கம் போடுங்கன்னு கணக்குப் போடறப்பவே சொன்னேனே. நல்லாத் தலையாட்டினாரே!"

தலையாட்டினாராம். எதற்குத்தான் ஆட்டவில்லை? பாதிரியார் பிரசங்கத்துக்கும் ஆட்டுவார், மளிகைக் கடைப் பெண் மழை வருமா என்று கேட்டாலும் ஆட்டுவார். மறுபடி என்ன என்று கேட்க வெட்கப்படுகிறவர்கள் கற்றுக்கொள்கிற வித்தை அது. பக்கத்தில் நின்று கேட்டிருக்க வேண்டியவள், நான், பூட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஒரு நொடி எதுவும் ஓடவில்லை. பிறகு ஓடியது. இடப்பக்கம் நிரப்பியிருக்கிறார். அது எதிர்ப்பக்கம் சுழல்வதால் சுத்தியலுக்கு நேரே முதலில் வருவது வலப்பக்கத்து அறைகள். முதல் மூன்று தடவையும் வருவது முழுக் குண்டு. கையெல்லாம் முண்டு, பார்வையும் மட்டு. குண்டைக் கொண்டு பாம்பை அடிக்க அவரால் முடியவே முடியாது. சுற்றிலும் கல் வேறு.

போனைக் கையில் பிடித்தபடியே ஓடினேன். அறுபத்தாறு வயதில், வீட்டுச் செருப்போடு. பம்ப் ரூம் எண்பது தப்படி தூரம். "டெல்பர்ட்!" என்று கத்தினேன். கத்தி என்ன பிரயோசனம்? ஆடுகள்தான் திரும்பிப் பார்த்தன. அவர் முதுகு எனக்கு முன்னால் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார். கீழே பார்த்தார். கை இடுப்புக்குப் போனது.

எனக்கும் இப்போது கேட்டது, காய்ந்த பட்டாணியைத் தகரத்தில் போட்டு உலுக்குகிற மாதிரி.

சுட்டார். தொட்டிச் சுவரிலிருந்து கல் தெறித்தது. என் தலைக்கு மேலே எதுவோ வீல் என்று ஊளையிட்டுக்கொண்டு போனது. நின்றுவிட்டேன். அவருக்கும் எனக்கும் நடுவே பத்தடி இருக்கும். பாதை முழுக்கப் புழுதி. அந்தப் புழுதிக்குள்ளே கிலுகிலுப்பு நிற்கவில்லை. முன்னைவிட வேகமாக ஆடியது.

ஆனால் டெல்பர்ட்டுக்கு அது தெரியாதே. ரவை போட்டுச் சுட்டதாக நினைக்கிறார். ரவை தப்பாது, ஆகவே பாம்பு செத்தது. செத்த பாம்பின் வால் நுனியிலிருக்கிற கிலுக்கை அறுத்து ஜாடியில் சேர்க்கிறவர் அவர். இடது கையால் பையில் கத்தியைத் துழாவிக்கொண்டே ஒரு எட்டு முன்னால் வைத்தார். குனிந்தார்.

அவரைப் பின்னாலிருந்து யாரும் தொடக் கூடாது. கடி வாங்கியதிலிருந்து அப்படி. தோளில் இலை விழுந்தாலும் துள்ளித் திரும்புவார். இதெல்லாம் எனக்குத் தெரியும். அவரைச் சுற்றி முன்னால் போக நேரமும் இல்லை, இடமும் இல்லை. கையிலிருந்த போனை ஓங்கி வீசினேன். நடு முதுகில் பட்டது.

சுழன்று திரும்பினார். துப்பாக்கியும் திரும்பியது. அதன் வாய் என் நெஞ்சுக்கு நேராக வந்து நின்றது. அதற்குப் பின்னால் இருந்த முகம் நாற்பத்து மூன்று வருடமாக என்னோடு சாப்பிடுகிற முகம் இல்லை. அந்தக் கண் என்னைப் பார்த்தது, யாரென்று பார்க்கவில்லை. அடுத்த அறையிலும் முழுக் குண்டுதான் என்று எனக்குத் தெரியும். கையைத் தூக்கவும் வரவில்லை, கத்தவும் வரவில்லை. செத்தேன் என்றுதான் நினைத்தேன்.

"நெல்டா?" என்றார்.

அவருக்குப் பின்னால் இன்னும் அது ஆடிக்கொண்டிருந்தது. "வாங்க" என்று இரண்டு கையாலும் கூப்பிட்டேன். "இங்க வாங்க. திரும்பாதீங்க. வாங்க." உதட்டைப் படித்தார். ஏன் என்று கேட்காமல் வந்தார், அது ஒன்றுதான் அன்று நான் செய்த புண்ணியம். கிட்டே வந்ததும் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுப் படி வரை ஓடினேன். திரும்பிப் பார்த்தபோது என் கை தடிமனில் ஒரு பாம்பு தொட்டிக்கு அடியில் கல் இடுக்குக்குள் போய்க்கொண்டிருந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை.

மேஜையில் உட்கார்ந்து உருளையைத் திறந்து கொட்டச் சொன்னேன். கொட்டினார். சுட்ட வெற்றுக்கூடு ஒன்று, முழுக் குண்டு இரண்டு, ரவைத் தோட்டா இரண்டும் அப்படியே. விஷயத்தை எழுதிக் காட்டினேன், கத்த எனக்குத் தெம்பு இல்லை. படித்தார். உருளையை விரலால் தள்ளித் தள்ளிச் சுற்றிப் பார்த்தார்.

"ட்வைலா சொன்னது காதுல விழல" என்றார். அவர் வாயால் அதை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"பரவாயில்ல விடுங்க."

"பரவாயில்லாம என்ன. நீன்னு தெரியலடி. விசையைப் பாதி இழுத்துட்டேன்." விரலைப் பார்த்துக்கொண்டார். "ஒரு நிமிஷம் என்ன தோணுச்சு தெரியுமா? எவனா இருந்தா என்ன, உள்ள இருக்கறது ரவைதானே, பட்டா எரியும், சாகமாட்டான், போட்டுடலாம்னு தோணுச்சு."

நான் எழுந்துபோய்க் குழாயைத் திறந்தேன். தண்ணீர் வரவில்லை. பம்ப் போடவே இல்லையே. வெளியே ஆடுகள் கத்திக்கொண்டிருந்தன. வெயில் ஏற ஏற அதிகமாகக் கத்தின. யாராவது போய்த்தான் ஆக வேண்டும்.

"இனிமே இது உன்கிட்ட இருக்கட்டும்" என்று துப்பாக்கியை என் பக்கம் தள்ளினார்.

"எனக்குச் சுட வராது."

"எனக்குக் காது வராது. ரெண்டும் சேர்ந்து போனா ஒரு முழு ஆளு."

சிரிக்க முயன்றார். நானும் முயன்றேன். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, வலப்பக்கம் இரண்டு ரவை போட்டுக் கொடுத்தார். காது முன்னால் போக வேண்டும் என்பதால் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். ஒவ்வொரு அடியும் கேட்டுக் கேட்டு வைத்தேன். அவர் என் பின்னால் வெறுங்கையோடு வந்தார். வெறுங்கைதான், துப்பாக்கி என்னிடம்தான் இருக்கிறது, நன்றாகத் தெரியும். இருந்தும் பத்தடிக்கு ஒரு தரம் அவரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.