உறை பிரிக்காத பதிப்பு

பல் டாக்டரின் வீட்டில் பழைய காசு என்று ஒன்றுகூடக் கிடையாது. பதக்கமும் கிடையாது. ஆனால் காசுகளையும் பதக்கங்களையும் பற்றி எழுதிய புத்தகங்கள் அந்த வீட்டில் இருந்த அளவுக்கு ஊரின் பெரிய நூலகத்தில்கூட இல்லை. காசு சேர்ப்பவர்களின் சங்கத்தில் அவரை அப்படித்தான் அறிமுகப்படுத்துவார்கள். "டாக்டர் காசு வாங்க மாட்டாரு. ஆனா நாம வாங்கினது நிஜமா போலியான்னு அவரோட அலமாரியத்தான் கேக்கணும்" என்பார் சங்கத்தின் செயலாளர். டாக்டர் 'அதெல்லாம் ஒண்ணுமில்ல' என்று கையை ஆட்டுவார். முகம் மட்டும் 'இன்னும் கொஞ்சம் சொல்லுங்க' என்று கேட்கும்.

கிளினிக்கை மூடிய பிறகு, நோயாளிகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த முன்னறைதான் நூலகமாயிற்று. சுவர் தெரியாமல் அலமாரிகள். ஏலக் கேட்லாக்குகளுக்கு ஒரு பக்கம், பதக்கங்களுக்கு ஒரு பக்கம், போலிகளைக் கண்டுபிடிக்கும் வழிகளுக்கென்றே தனியாக ஒரு தட்டு. எந்தப் புத்தகமானாலும் டாக்டர் இரண்டாக வாங்குவார். ஒன்று படிக்க, இன்னொன்று வைக்க. வைக்கும் பிரதியின் பிளாஸ்டிக் உறையை யாரும் பிரிக்கக் கூடாது. பிரித்தால் மதிப்புப் போய்விடும் என்பது புத்தகம் சேர்ப்பவர்களின் கணக்கு.

"எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு. பொண்டாட்டி விஷயத்துல மட்டும் ஒண்ணோட நிறுத்திக்கிட்டீங்களே, அதுவரைக்கும் என் அதிர்ஷ்டம்" என்பாள் மனைவி.

விலை எட்டாத புத்தகத்தில் மட்டும் ஒன்றோடு நிறுத்திக்கொள்வார். அந்த ஒன்று படிக்கும் பிரதியா, வைக்கும் பிரதியா என்ற கேள்வி வரும்போது, சொல்லி வைத்தாற்போல அது வைக்கும் பிரதியாகிவிடும். பதக்கங்களின் பெரிய கேட்லாக் புதுப் பதிப்பாக வந்தபோதும் இதுதான் நடந்தது. புதியது உறையோடு மேல்தட்டுக்குப் போனது. மூலை மழுங்கிப்போன முதல் பதிப்பையே டாக்டர் படித்துக்கொண்டிருந்தார். படிப்பதற்குத்தான் புதியதை அச்சடித்திருக்கிறார்கள் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றவில்லை. அவ்வளவு படித்த மனிதர்!

சம்பந்தி வீட்டார் புது வீட்டுக்குக் குடிபோனபோது எல்லாரையும் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள். சம்பந்தியம்மா பள்ளித் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். கணவர் காலமாகிவிட்டார். இரண்டு பிள்ளைகளில் மூத்தவன்தான் டாக்டரின் மருமகன். கூடத்தில் அந்த அம்மாளின் தகப்பனார் படமும், அதன் கீழே கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பதக்கமும் மாட்டியிருந்தன. அவர் தீயணைப்பு வண்டி ஓட்டியவர். பஞ்சுக் கிடங்கு பற்றி எரிந்தபோது உள்ளே சிக்கியவர்களைத் தோளில் தூக்கி வந்ததற்காக நகரசபை கொடுத்த வீரப் பதக்கம் அது.

டாக்டர் சும்மா பார்த்துவிட்டு வந்திருக்கலாம். கை சும்மா இருந்தால்தானே!

"சம்பந்தி, இதக் கொஞ்சம் வெளிய எடுத்துப் பாக்கலாமா?"

சம்பந்தியம்மா சிறிது தயங்கினார். பிறகு சட்டத்தைக் கழற்றிப் பதக்கத்தை எடுத்துக் கொடுத்தார். டாக்டர் சட்டைப் பையிலிருந்த சின்ன லென்ஸை எடுத்து, சொத்தைப் பல்லைத் தேடுகிறவரைப் போல விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள். அந்த நிசப்தம் அவருக்குப் பிடித்திருந்தது.

"தப்பா நெனச்சுக்காதீங்க. நிஜமான மெடல்னா விளிம்புல வாங்கினவர் பேர் வெட்டியிருக்கணும். இதுல இல்ல. அது போக, வளையத்துக்குக் கீழ ஒரு சின்ன இலை இருக்கு பாருங்க, அது அசல்ல வராது. இது பின்னாடி யாரோ அடிச்ச காப்பி. கேட்லாக்ல தெளிவா போட்டிருக்கான்."

"அப்ப தாத்தா மெடல் டூப்ளிகேட்டா?" என்று மருமகனின் தம்பி சிரித்தான்.

"டூப்ளிகேட்தான். அசல் எங்கேயாவது தொலைஞ்சிருக்கும்" என்றார் டாக்டர் பெரிய மனது பண்ணி.

சம்பந்தியம்மாவின் பார்வை ஒருமுறை, குழம்புப் பாத்திரத்தோடு நின்றிருந்த மருமகளின், அதாவது டாக்டரின் மகளின், பக்கம் போய்த் திரும்பியது. "அப்படியா சம்பந்தி" என்றார். பதக்கத்தை வாங்கிச் சட்டத்துக்குள் வைத்து மறுபடியும் மாட்டிவிட்டு, "சாப்பிடுங்க, ஆறிடப் போகுது" என்றார்.

திரும்பி வரும்போது காரில் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். உண்மையைச் சொன்னதில் என்ன தப்பு என்று டாக்டர் கேட்டார். அவள் ஜன்னல் கண்ணாடியை ஏற்றினாள்.

மழைக்காலம் வந்தது. முன்னறைச் சுவர் ஓதம் காத்தது. ஒரு பிற்பகல் மேல்தட்டைத் துடைக்க ஏறிய டாக்டர், புதுப் பதிப்பின் உறைக்குள் ஆவி படிந்திருப்பதைப் பார்த்தார். அட்டையில் பூஞ்சைப் புள்ளிகள்கூடத் தெரிந்தன. இனி பிரிக்காவிட்டால் புத்தகமே போய்விடும். மனமில்லாமல் பிளேடு எடுத்து உறையைக் கீறினார். காற்றாட விட வேண்டுமென்று பக்கங்களைப் புரட்டியபோது நகரசபைப் பதக்கம் கண்ணில் பட்டது. வளையத்துக்குக் கீழே சின்ன இலை.

படத்தின் அடியில் பதிப்பாளர்கள் இப்படி எழுதியிருந்தார்கள்: நகரசபை நடத்திய கடைசி விழாவுக்கு மட்டும் இலை வைத்த புது அச்சைப் பயன்படுத்தினார்கள். பெயர் வெட்ட நேரமில்லாமல் பதக்கங்களை அப்படியே கொடுத்துவிட்டார்கள். அவற்றைப் போலி என்று முதல் பதிப்பில் எழுதியது எங்கள் பிழை. இதனால் மனம் புண்பட்ட குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம்.

டாக்டருக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. பிழை செய்தவர்கள் அச்சிலேயே மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள். அந்த மன்னிப்பைக் காசு கொடுத்து வாங்கி வந்து, மதிப்புக் குறையாமல் மேல்தட்டில் வைத்திருந்தவர் இவர். அந்த மதியச் சாப்பாட்டின்போதும் அது அங்கேதான் இருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அறையில் யாருமில்லாதபோதும் அவருக்கு முகத்தை மூடிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

மனைவியிடம் காட்டினார். அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

"பக்கத்தப் படம் புடிச்சு மாப்பிள்ளைக்குப் போன்ல அனுப்பிடவா?"

"அன்னிக்கு போன்லயா சொன்னீங்க? நேர்ல போங்க" என்றாள். "அவங்க அத செவுத்துலேருந்து எடுத்துட்டாங்களாம். உங்க பொண்ணு சொன்னா. உங்ககிட்ட சொல்ல எனக்கு வாய் வரல."

மறுநாள் பகலில், மற்றவர்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துப் புத்தகத்தோடு போனார். இது தைரியமில்லை என்று அவருக்கே தெரிந்திருந்தது. கதவைத் திறந்த சம்பந்தியம்மாவுக்குப் பின்னால், தகப்பனார் படத்தின் கீழே வெறும் ஆணி தெரிந்தது.  புத்தகத்தைத் திறந்து நீட்டினார்.

"நான் சொன்னது தப்பு சம்பந்தி. உங்க அப்பாவோட மெடல் அசல்தான். இதுல போட்டிருக்கு."

சம்பந்தியம்மா படத்தைப் பார்த்தார். எழுத்தைப் படிக்கவில்லை. மூடிக் கொடுத்துவிட்டார்.

"தெரியும் சம்பந்தி."

"இந்தப் புத்தகம் உங்ககிட்டயும் இருக்கா?"

"புத்தகம் எதுக்கு? அந்த விழாவுல நான் முன் வரிசையில உக்காந்திருந்தேன். அப்பா மேடையிலேருந்து எறங்கி வந்து மெடல என் கையிலதான் குடுத்தாரு. பேர் போடலையேன்னு கேட்டேன். அப்புறமா வெட்டித் தர்றோம்னு சொல்லியிருக்காங்க, கெடக்கட்டும்னுட்டாரு. அவர் திரும்பிப் போய்க் கேக்கவே இல்ல."

டாக்டருக்கு உட்கார வேண்டும்போல இருந்தது. யாரும் சொல்லாமல் உட்காரவும் கூசியது.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"உங்க பொண்ணு அங்க நின்னுக்கிட்டிருந்தா. அவளுக்கு அவங்க அப்பான்னா உசுரு. அத்தன பேர் எதிர்ல உங்க பேச்ச நான் பொய்யாக்கினா, அவ இந்த வீட்டுல தலை நிமிந்து நடக்கணுமில்ல?" சம்பந்தியம்மாவின் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் டாக்டருக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். "அப்புறம் சின்னவன் வர்றவங்ககிட்டயெல்லாம் டூப்ளிகேட் டூப்ளிகேட்னு கிண்டல் பண்ண ஆரம்பிச்சுட்டான். கேட்டுக்கிட்டு இருக்க முடியல. கழட்டி வெச்சுட்டேன்."

மேசை டிராயரிலிருந்து பதக்கத்தையும் சட்டத்தையும் அவரே எடுத்து வந்தார். சட்டத்தில் பொருத்தி மாட்டும் வேலையை டாக்டர் கேட்டு வாங்கிக்கொண்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, கம்பியை ஆணியில் மாட்டிக் கோணல் பார்த்தார்.

"பாலிஷ் போடக் குடுத்திருந்தேன்னு வீட்டுல சொல்லிக்கிறேன். நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க" என்றார் சம்பந்தியம்மா.

டாக்டர் சரி என்று சொல்ல வாயெடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. தலைவலி என்று பாதி நாளில் வேலையிலிருந்து திரும்பிய மகள், அப்பாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

"என்ன அத்தை, இத மறுபடியும் மாட்டிட்டீங்களா? அதான் டூப்ளிகேட்னு அப்பா சொன்னாரே. வர்றவங்க கேட்டா நமக்குத்தான அசிங்கம்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

உரிமையோடும், அப்பா பேச்சில் வைத்த நம்பிக்கையோடும் சொன்னாள்.  இத்தனை நாளும் தன் பேச்சைத்தான் தன் பெண் இந்த வீட்டில் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அது... பாலிஷ்..." என்று தொடங்கினார் சம்பந்தியம்மா.

"வேண்டாம் சம்பந்தி" என்றார் டாக்டர். ஸ்டூலிலிருந்து இறங்கினார். "டூப்ளிகேட் இல்லம்மா. அசல். நான்தான் தப்பா சொன்னேன். சரியான புத்தகம் நம்ம வீட்டுலயே இருந்துது. உறையப் பிரிச்சா மதிப்பு போயிடும்னு பிரிக்கல. அத்தைக்கு அன்னிக்கே எல்லாம் தெரியும். உனக்காகப் பேசாம இருந்திருக்காங்க."

மகள் புத்தகத்தைக் கேட்கவில்லை. அப்பாவின் முகத்தையும் பார்க்கவில்லை. மாமியாரின் பக்கம் போய், "அத்தை" என்று மட்டும் சொல்லி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டர் புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு, வாசலில் குனிந்து தன் செருப்பைத் தேடினார்.