கையிலிருப்பதைக் கீழே வை

அன்று என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். அவர்களை அழைத்துவர அப்பா டாலிகஞ்ச் மெட்ரோ வாசலுக்குப் போயிருந்தார். அடுக்களையில் என் தம்பி பட்டாபி பஜ்ஜிக்குக் கத்தியால் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தான்.

அவனுக்கு இருபத்திரண்டு வயது. காதுக்குள் ஒரு குரல் கேட்கும். பக்கத்தில் இருப்பவரை அடிக்கச் சொல்லும். போன வருஷம் அது சொன்னதைக் கேட்டு அப்பாவின் மேல் இஸ்திரிப்பெட்டியை எறிந்தான். அதற்குப் பிறகுதான் மாத்திரையோடு பாலிகஞ்சில் மனநல ஆலோசகர் சென் தீதியின் பயிற்சியும் ஆரம்பித்தது. குரல் வந்தால் கையிலிருப்பதைக் கீழே வை, வாசலுக்கு வெளியே போ, மாடிப்படியில் உட்கார். நடுவில் தடுமாறினால் மறுபடி முதலிலிருந்து செய். எங்களுக்கும் உத்தரவு உண்டு: வழி மறிக்கக்கூடாது, அவனைத் தொடக்கூடாது. வாய்ப்பாடு மாதிரி தினமும் செய்து பார்த்தான். நவராத்திரி பூஜை முடிந்ததிலிருந்து யார்மேலும் அவன் கை படவில்லை.

ஆனால் என் அம்மாவுக்கு ஊர் வாய் பெரிது. வாசல் கொலாப்சிபிள் கேட்டை இழுத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஏம்மா பூட்டினே?"

"அவா வரச்சே திறந்துவிடறேன். இவன் படியில உக்காந்து மொணமொணன்னு பேசிண்டிருந்தா உன்னை யாருடி பண்ணிப்பா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்படி ஒரு கல்யாணம் எனக்கு வேண்டாம். சாவியைக் குடு!"

அடுக்களையில் சீவும் சத்தம் நின்றது. பட்டாபி வெளியே வந்தான். முகம் வெளுத்திருந்தது, கையில் ஒன்றுமில்லை. எனக்கு அழுகை வந்தது, பெருமையில். நேரே வாசலுக்குப் போய்க் கேட்டை இழுத்தான். நகரவில்லை. மறுபடி இழுத்தான்.

"அம்மா, திற."

"செத்த பொறுடா கண்ணா. அவா வந்துட்டா."

கீழே செருப்புச் சத்தமும் அப்பாவின் சிரிப்பும் கேட்டன.

பட்டாபி தன் வெறுங்கைகளைப் பார்த்தான். "முதல்லேர்ந்து பண்ணணும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு அடுக்களைக்குத் திரும்பினான். வரும்போது கையில் கத்தி இருந்தது.

கீழே வைப்பதற்காகத்தான் எடுத்தான். அது எனக்குத் தெரியும். அவன் குனிய ஆரம்பித்தும்விட்டான்.

"ஐயோ!" என்று பாய்ந்து அம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். சாவி அவள் இடுப்பிலேயே இருந்தது.