உப்புப் பூத்த சுவர்

"அணியத்துல எம் மவன்தான் நிக்கணும். படவு யார்துன்னு குப்பத்துக்கே தெரியும்" என்றார் அம்மாசி.

"துடுப்பு யார்து? எந்தம்பி இன்னா, பின்னாடி கட்ன கூடையா?" என்றான் முருகையன்.

"சித்த இருங்கோ. எல்லாரும் ஒத்துண்டாத்தான் தூரிகையைத் தொடணும்னு எழுதி வச்சிருக்கோமோன்னோ?" என்று தாளை நீட்டினார், மயிலையிலிருந்து வந்து குழு அமைத்த கோதண்டபாணி.

நாடு உரிமை பெற்ற மறு ஆண்டின் பங்குனி நண்பகல் அது. அலைகள் வெள்ளி உருக்கி வார்த்தாற்போல் மின்னவும், கட்டுமரங்கள் கரையேறிக் களைத்த முதலைகளெனக் கிடக்கவும், நிழல்கள் தத்தம் காலடியில் ஒடுங்கவும், நொச்சிக்குப்பத்து வலைக்கிடங்கின் நெடுஞ்சுவர், விடியலிற் பூசிய சுண்ணச்சாந்தின் ஈரத்தோடு நீராடி எழுந்த மணமகள்போற் காத்துநின்றது. கார்த்திகைப் புயல் கொண்டுபோன எழுவரையும் ஒரே படகில் நிறுத்தி அச்சுவரில் தீட்டுவதென ஊர் கூடி முடிவு செய்திருந்தது. முடிவிற் பிழையில்லை, படகின் முன்முனையான அணியத்தில் நிற்பவர் எவர் என்பதைச் சாந்து பூசியபின் பேசிக்கொள்ளலாமென விட்டுவைத்த பெருந்தன்மைதான், ஐயா, நம் குழுக்களுக்கே உரிய அழகு.

இந்த வழக்கில் சேராதவள் தேவானை ஒருத்தியே. எழுவருள் இளையவனான சடையன் அவளுடைய ஒரே மகன்; அவன் நடுவில் நிற்பதில் எவர்க்கும் வழக்கில்லை. ஆனால் அவன் முகத்துக்கு நிழற்படம் கிடையாது. அவனோடு ஒரே தட்டில் உண்டு வளர்ந்த ஓவியன் இனாயத்தின் நெஞ்சில் மட்டுமே அது மிஞ்சியிருந்தது. அந்த இனாயத்தோ மறுநாட் காலை குடும்பத்தோடு வாணியம்பாடிக்குப் பெயர இருந்தான்.

"சாந்து காஞ்சிட்டா வண்ணம் புடிக்காதும்மா. ஈரம் கீற வரைக்கும்தான் நம்ம வேலை" என்று முணுமுணுத்தவன், கரையேற்றியிருந்த ஒரு படகின் மறைவில் அமர்ந்து வண்ணம் குழைக்கலானான்.

தேவானை குடத்தை எடுத்தாள். நன்னீர்க் கிணறு நெடுந்தொலைவு, கடலோ பத்தடி. குடங்குடமாக மொண்டுவந்து, மகன் நிற்கவேண்டிய நடுவிடத்தை மட்டும், காய்ச்சலுற்ற குழந்தையின் நெற்றியை நனைப்பவள்போல் நனைத்துக்கொண்டேயிருந்தாள். சண்டையின் சுவையில் திளைத்த ஊரார் எந்த நீரென்று கேட்கவில்லை. வெயில் சாய்ந்தபோது அம்மாசியும் முருகையனும் தொண்டை வற்றி இணங்கினர். இனாயத் நடுவிடத்திலிருந்தே தொடங்கினான். கன்னத்து மருவும், சிரிப்பை அடக்கிய உதடும் எழுந்தன.

"வந்துட்டான்" என்றாள் தேவானை, மெல்ல.

ஆடிக்காற்று எழுமுன் சுவரில் உப்புப் பூத்தது. அவள் நனைத்த இடத்திலேயே அடர்ந்து பூத்தது. முந்தானையால் துடைத்தாள், துடைக்கத் துடைக்கக் கன்னம் உதிர்ந்து விரலில் ஒட்டியது. தென்னை நிழலில் தானே ஈரம் காத்த ஓரங்களில் நின்றவர்கள் பிழைத்தனர். மீண்டும் வந்து தீட்டித் தரும்படி, கோதண்டபாணியைக் கொண்டு இனாயத்துக்கு மடல் விடுத்தாள். மறுமொழி வந்தது: "அம்மா, அவன சுவத்துல எறக்கி வச்சிட்டேன். இப்ப கண்ண மூடினா சுவருதான் தெரியுது."

பின்னாளில் முருகையன் தன் மகளை அம்மாசியின் பேரனுக்கே மணமுடித்தான். விருந்தில் இருவரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்டனர். கோதண்டபாணி தியாகராய நகரில் குடியேறி, அங்கும் ஒரு குழு அமைத்தார். தேவானை பெருங்குடியிலுள்ள தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அங்குள்ள கிணறு இனிய நீர்க் கிணறுதான். ஆயினும் குடம் மொண்டதும் ஒரு துளியை நாவில் வைத்துப் பார்த்த பின்னரே, செடிக்கும் ஊற்றுவாளாம்.