மலைவிழுங்கியின் சாப்பாடு

ஒரு படக்கதையை முறைப்படி கிழித்துத் தோரணம் கட்டத் தெரிந்தவன் இந்தத் தலைமுறையில் தான் ஒருவன்தான் என்பதை அவன் தன்னடக்கத்தோடுதான் சொல்வான். பன்னிரண்டு வயது தாண்டியவன் உட்கார்ந்து படக்கதை படித்தால் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது அவனுடைய இரண்டாவது கண்டுபிடிப்பு. கல்லூரிப் பத்திரிகையில் அவனுடைய நையாண்டிப் பக்கத்தைப் பேராசிரியர்கள் ஒளித்துவைத்துப் படிக்கிறார்களாம். இதுவும் அவன் சொன்னதுதான்.

ஆண்டிதழ் வெளியீட்டு விழாவுக்கு இரை தேடியபோது, அக்காவின் அலமாரியில் துணிகளுக்கு அடியில் 'அசகாய அறுவர்' கிடைத்தது. பதினைந்து வருடத்துப் பழசு. ஆளுக்கொரு நிறத்தில் சட்டை போட்ட ஆறு வீரர்கள். எதிரே நாற்பது மாடி உயரத்தில் மலைவிழுங்கி என்ற ராட்சத மிருகம். கேட்டால் கொடுக்கமாட்டாள் என்பதால் கேட்காமல் எடுத்துக்கொண்டான்.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அக்கா, விழாவுக்காக அரைநாள் லீவு போட்டு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவன் மேடையில் சிரிக்காமல் வாசித்தான்.

"நகரம் ஏழு முறை இடிந்து விழுகிறது. ஒருவருக்கும் சிராய்ப்புகூட இல்லை. பச்சைச் சட்டைக்காரருக்கு மட்டும் ஜலதோஷம்."

அரங்கம் அதிர்ந்தது. கடைசியாக, புத்தகத்துக்குள் செருகியிருந்த அடுத்த இதழின் வாசகர் கடிதப் பக்கத்துக்கு வந்தான். 'ஒரு வாசகி' எழுதியிருந்தார்: மலைவிழுங்கியைக் கடலுக்கடியில் குகையில் அடைத்துவிட்டீர்களே, அதற்கு யார் சாப்பாடு போடுவார்கள்? தயவுசெய்து சீக்கிரம் பதில் போடவும்.

தாளை மடித்துவிட்டுச் சொன்னான்: "இந்த அம்மணிக்கு இந்நேரம் கல்யாணம் ஆகியிருக்கும். வீட்டுக்காரர் பட்டினி கிடப்பார். அம்மணி பொட்டலம் கட்டிக்கிட்டு கடற்கரையில நிப்பாங்க."

விசில் பறந்தது. அக்காவும் சிரித்தாள், எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டான்.

"எப்படிக்கா இருந்துச்சு?"

"நல்லாத்தான் சிரிச்சாங்க."

"நீ?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அம்மா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப உனக்கு நாலு வயசு. அந்தப் புத்தகத்தைக் காட்டித்தான் ஊட்டுவேன். கடைசிப் பக்கம் வந்ததும் வாயை இறுக்க மூடிக்குவே. அதுக்கு யாரு ஊட்டுவாங்கன்னு ஒரே அழுகை. பதில் தெரிஞ்சாத்தான் சாப்பிடுவேன்னு அடம். எழுதிப் போட்டேன்."

"நீயா?"

"எனக்கு மட்டும் என்ன, பதினோரு வயசு. அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

"பதில் வந்துச்சா?"

"கடிதத்தைத்தான் போட்டாங்க."

எதற்கும் ஒரு வரி கைவசம் வைத்திருப்பவன் அன்றைக்கும் ஒன்றை எடுத்து நீட்டினான். "யாருக்கும் தெரியாதுக்கா. பேருகூட இல்லையே," என்றான். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமான ஆறுதல் என்று உறைத்தது.

"எனக்குத் தெரியுமேடா."

வீட்டு வாசலில்கூட அவள் நிற்கவில்லை. சாயங்கால வேலைக்கு நேரமாகிவிட்டது. "புத்தகத்தை எடுத்த இடத்துல வெச்சிடு," என்று மட்டும் சொல்லிவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமலே போனாள்.

அவன் அலமாரியைத் திறந்தான். வைக்கவில்லை. கடைசிப் பக்கத்தைப் பிரித்தான். அறுவரும் கையசைத்தபடி வானத்தில் பறந்துபோனார்கள். கீழே கம்பிக்கதவுக்குப் பின்னால் மலைவிழுங்கி. அதன் வாயருகே ஏழெட்டுப் புள்ளிகள். மீன்களாக இருக்கலாம், அச்சு மை தெறித்ததாகவும் இருக்கலாம்.

தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். அது எங்கேயாவது எதையாவது தின்கிறதா என்று முதல் பக்கத்திலிருந்து, கட்டம் கட்டமாக, விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தான்.