கஞ்சியில் புரட்டிய விதைகள்

கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் திறந்துவைக்க ரிப்பனை எங்கே கட்டுவது என்று அந்தச் சனிக்கிழமை காலை விவசாய டிபார்ட்மெண்டின் புக்கிட் பாத்தோக் சோதனைத் தோட்டத்தில் பெரிய விவாதமே நடந்தது. மண்ணுக்குள் இருக்கும் நுண்ணுயிருக்கு வாசல் கிடையாது. கடைசியில் டைரக்டர் சுந்தரமே முன்வந்து, முதல் வரிசைப் பயத்தங்கொடிகள் ஏறியிருந்த இரண்டு கம்புகளுக்கு நடுவில் கட்டச் சொன்னார். "கெழக்கப் பாத்துக் கட்டுப்பா. போட்டோவுல வெளிச்சம் மூஞ்சில விழணும்." யார் மூஞ்சியில் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அற்புதராஜ் ரிப்பனைப் பார்க்கவில்லை. தோட்டத்தின் வலது பாதியைப் பார்த்தபடி நின்றிருந்தார். முந்தின நாள்தான் மலாக்காவிலிருந்து திரும்பியிருந்தார். தென்னை வண்டுகளைப் பற்றிய இரண்டு வார மாநாடு அது. அவருக்கும் தென்னைக்கும் இளநீர் குடிப்பதைத் தவிர வேறு சம்பந்தமில்லை என்றாலும், டிபார்ட்மெண்ட் சார்பில் யாராவது போய் உட்கார வேண்டும் என்று சுந்தரம் அனுப்பி வைத்திருந்தார். கிளம்பும்போது இந்த வலது பாதி நோயாளியைப் போல வெளுத்து மஞ்சளாக நின்றது. அந்த மஞ்சளை நினைத்து நினைத்து மலாக்காவில் அவர் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். இடது பாதியில் அவர் வளர்த்த நுண்ணுயிரைப் பூசிய விதைகள். வலது பாதியில் வெறும் விதைகள். இரண்டுக்கும் ஒரு சிட்டிகை உரம் கிடையாது. காற்றிலிருக்கும் சத்தைப் பிடித்துச் செடிக்கு ஊட்டுகிற வேலையை வேரில் குடியேறிய நுண்ணுயிர் செய்யும். ஆகவே இது பச்சை, அது மஞ்சள். ஆறு வருட உழைப்புக்கு அந்த மஞ்சள்தான் சாட்சி.

இப்போது இரண்டு பாதியும் ஒன்றுபோலக் கரும்பச்சையாகத் தளதளவென்று நின்றன.

"முகைதீன், இதுல என்ன போட்டீங்க?"

தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் முகைதீன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "வெள்ளை உரம் சார். டைரக்டர் சொன்னாரு லா. பெரிய ஆளு வர்ற நேரத்துல பாதித் தோட்டம் மஞ்சக்காமாலை புடிச்சு நிக்குதே, டிபார்ட்மெண்ட் மானம் என்னாவுறதுன்னு கேட்டாரு."

"சரி, நல்லா இருந்த பாதிக்கு ஏன் போட்டீங்க?"

"ஒரு பக்கம் மட்டும் போட்டா ஓரவஞ்சனை பண்ண மாதிரி இருக்கும்னு சொன்னாரு."

அற்புதராஜுக்குக் கோபம்கூட வரவில்லை. உரம் வாரிக் கிடைத்துவிட்டால் செடி, வேரில் குடியிருக்கும் உழைப்பாளியைக் கவனிப்பதை நிறுத்திவிடும். நுண்ணுயிர் வேரில் கட்டிக் குடியிருக்கும் முடிச்சுகள் உள்ளுக்குள்ளேயே செத்துப்போகும். இதை மூன்று அறிக்கைகளில் அவர் எழுதியிருந்தார். மூன்றுக்கும் சுந்தரம் அழகான முன்னுரை எழுதியிருந்தார்.

பின்வரிசையில் யாரோ ஒரு செடியைப் பிடுங்கும் சத்தம் கேட்டது. பிரிஜட். வேரை உதறி, மிளகளவு முடிச்சு ஒன்றைக் கட்டைவிரல் நகத்தால் கீறி, அவர் முன்னால் நீட்டினாள். உயிருள்ள முடிச்சு உள்ளே ரோஸ் நிறமாக இருக்கும், இப்போதுதான் அறுத்த இறைச்சியைப் போல. இது பச்சை.

"முடிஞ்சுது சார்," என்றாள்.

பிரிஜட் ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிர்களுக்குச் சமைத்துப் போடுகிறவள். கடல்பாசியும் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்துக் காய்ச்சிக் கண்ணாடிக் குழாய்களில் ஊற்றுவாள். "சார், ஒங்க புள்ளைங்க பசியோட இருக்குதுங்க, வாங்க," என்று காலையில் அவள் குரல் கொடுத்தால்தான் அற்புதராஜுக்குப் பொழுது விடிந்ததாகக் கணக்கு. ஆறு வருடமாக, அந்தக் காய்ச்சிய சர்க்கரை வாசத்தில், ஒரே மைக்ராஸ்கோப்பில் மாறி மாறிக் குனிந்து, அவள் கண் பட்ட கண்ணாடி ஆறுவதற்குள் தன் கண்ணை வைத்துப் பார்த்திருக்கிறார். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. நாற்பதைத் தாண்டியவர். எதையும் நிரூபிக்காமல் பேசிப் பழகாதவர். போன மாதம் அவளுக்குக் கோலாலம்பூரில் ரப்பர் ஆய்வு வேலை ஒன்று கிடைத்தபோது, "போகவா சார்?" என்று கேட்டாள். என்னைக் கட்டிக்கொள், போகாதே என்று சொல்லியிருக்க வேண்டும். "முடிச்சு செவக்கட்டும், ஒரு விஷயம் சொல்றேன்," என்றார். ஓஃபிர் ரோட்டு மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது இதையே ஒரு வேண்டுதலாகவும் வைத்தார். விஞ்ஞானி வேண்டுதல் வைக்கலாமா என்று மனம் குடைந்ததால், அதைக் கருதுகோள் என்று தனக்குத் தானே பெயர் மாற்றிக்கொண்டார்.

திறந்துவைக்க வேண்டிய பெரியவர் வந்தார். ரிப்பன் வெட்டப்பட்டது. வெட்டின பிறகும் அந்தப் பக்கம் அதே பயத்தங்கொடிதான் இருந்தது. "கண்ணுக்குப் புலப்படாத உழவர் படையொன்று நம் காலடியில் அணிவகுத்து நிற்கின்றது!" என்று சுந்தரம் முழங்கினார். பெரியவர் உடனே கால்மாற்றி நின்றார். எந்தச் செடியில் கிருமி இருக்கிறது என்று அவர் மெதுவாக விசாரிக்க, "எல்லாத்துலயும்!" என்றார் சுந்தரம் பெருமையோடு. பெரியவர் தொட்டுக்கொண்டிருந்த இலையை விட்டுவிட்டு, கைக்குட்டையை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். பிறகு சிராங்கூன் ரோட்டில் சொல்லிக் கட்டிய ரோஜா மாலை அற்புதராஜின் கழுத்தில் விழுந்தது. சோதனை மகத்தான வெற்றி என்று அறிவிக்கப்பட்டது. கைதட்டினார்கள். மாலைக்குள்ளிருந்து பார்த்தபோது பிரிஜட் மட்டும் கைதட்டாமல், பிடுங்கிய செடியோடு நின்றிருந்தாள்.

கூட்டம் தேநீருக்கு நகர்ந்ததும் அவள் பக்கத்தில் வந்தாள். "வெற்றின்னு சொல்லிட்டாங்களே சார். அப்ப அந்த விஷயத்தச் சொல்லலாமில்ல?"

"இது வெற்றியில்ல பிரிஜட்."

"தெரியும் சார். அதுனாலதான் கேக்குறேன்."

வாயைத் திறந்தார். ஒரு ரோஜா இதழ் உதட்டில் ஒட்டிக்கொண்டது. அதை எடுத்துவிட்டு, "அடுத்த போகத்துல..." என்று ஆரம்பித்தார்.

"அடுத்த போகத்துல இந்த எடத்தக் கல்குவாரிக்குக் குடுக்குறாங்க. நீங்க எதையும் நோட்டீஸ் போர்டுல பாக்கமாட்டீங்க." சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு மத்தியானம் கோலாலம்பூர் ரயில் சார். தஞ்சோங் பகார்லேருந்து."

ஞாயிறு காலை கெர்பாவ் ரோட்டு அறையில் அற்புதராஜ் விழித்தபோது ஆணியில் மாட்டிய மாலை வாடிய வாசம் அடித்தது. பூசைக்குப் போகாமல் புக்கிட் பாத்தோக் பஸ்ஸைப் பிடித்தார். தோட்டத்தில் ரிப்பன் துண்டு ஒன்று கம்பில் தொங்கியது. வரிசை வரிசையாகப் பிடுங்கிப் பார்த்தார். வரிசை வரிசையாகப் பச்சை. கை கழுவக் கொட்டகைக்குப் பின்னால் குழாயடிக்குப் போனபோதுதான், வேலிக்கு வெளியே லாலான் புல்லுக்கு நடுவில் ஏழெட்டுப் பயத்தஞ்செடிகள், தாங்கக் கம்பில்லாமல் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டார்.

விதைப்பு நாள் நினைவுக்கு வந்தது. நுண்ணுயிர் கலந்த கரிமண் விதையில் ஒட்டுவதற்காக வீட்டிலிருந்து அரிசிக் கஞ்சி கொண்டுவந்து, தகர டப்பாவில் விதைகளைக் கையால் புரட்டினாள் பிரிஜட். வேலை முடிந்து டப்பாவைக் கழுவும்போது அடியில் ஒட்டியிருந்த விதைகளை வேலிக்கு அப்பால் வீசினாள். "இதுங்களுக்கு எந்த வரிசையும் இல்ல சார். எப்புடியோ பொழைக்கட்டும்." சோதனைக் கணக்கில் சேராத செடிகள். ஆகவே உரமும் சேரவில்லை. அந்தச் சத்தில்லாத புளிப்புச் செம்மண்ணில் அவை பச்சையாகத்தான் நின்றன.

மண் உதிராமல் ஒரு செடியை விரல்களால் தோண்டி எடுத்தார். வேரெல்லாம் முடிச்சு, கொழுத்துத் திரண்டு. நகத்தை ஒன்றின்மேல் வைத்தார். வைத்த விரலை எடுத்துக்கொண்டார். ஈரத் துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த சீனக் கிழவி, கீரைக்கட்டு என்ன விலை என்று மலாயில் கேட்டாள்.

தஞ்சோங் பகார் நிலையத்தில் மூன்றாம் வகுப்பு ஜன்னலோரம் பிரிஜட் தகரப்பெட்டியில் கால் வைத்து உட்கார்ந்திருந்தாள். அவர் ஓடிவந்து, அந்த ஈரப் பொட்டலத்தை ஜன்னல் வழியே நீட்டினார். பிரித்தாள். செம்மண் அவள் வெள்ளைச் சேலையில் கொட்டியது. தட்டிவிடவில்லை.

"எங்க இருந்துச்சு?"

"நீங்க டப்பா கழுவுன எடத்துல. வேலிக்கு வெளிய."

"கீறிப் பாத்தீங்களா?"

"இல்ல."

"ஏன் சார்?"

மூச்சு வாங்கியது. "நீங்க கீறுங்க."

கார்டு விசில் ஊதினார். பிரிஜட் வேரை வெளிச்சத்துக்குத் திருப்பி, இருப்பதிலேயே பெரிய முடிச்சைத் தேடிப் பிடித்து, அதன்மேல் கட்டைவிரல் நகத்தை வைத்தாள். ரயில் பெட்டி ஒருமுறை குலுங்கியது. அற்புதராஜ் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த கையை எடுக்காமல், அந்த நகத்தையே பார்த்தார். அதன் இடுக்கில் நேற்றைய தோட்டத்து மண் இன்னும் இருந்தது.